ஹெட் போல்ட் முடுக்கும் முன் துளையைப் பாருங்கள்

சூட்டில் கழற்றினால் என்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், என்ஜின் ஆறட்டும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

பலர் கோட்டைவிடுவது போல்ட் இறங்கும் துளையில்தான். அடி மூடிய துளையில் கொஞ்சம் எண்ணெயோ கூலண்டோ (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) தேங்கியிருந்தால், போல்ட் இறங்க இறங்க அது ஒதுங்க இடமில்லாமல், ஹெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாக்கையே பிளந்துவிடலாம். டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு விசை வந்ததும் ஒலி எழுப்பும் ஸ்பேனர்) 'டக்' என்று சொல்லும், ஹெட்டோ இறுகியிருக்காது. கம்பியில் துணி சுற்றி உறிஞ்சி எடுத்துவிட்டுக் காற்றடியுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. (வெறுங்கண்ணோடு குனிந்து முகமெல்லாம் கூலண்ட் வாங்கியவன் சொல்கிறேன்.)

கையேட்டில் டார்க் அளவுக்குப் பின் 90 டிகிரி திருப்பச் சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் இழுபட்டு நீளும் வகை போல்ட். பழையதை மீண்டும் போடாதீர்கள்.