பழைய காரில் ஏசி கம்ப்ரசர் மாற்றியது: என் அனுபவம்

என் கார் 2007 மாடல். போன சித்திரையில் நாகர்கோவிலில் இருந்து குளச்சல் போகும்போது ஏசி போட்டதும் முன்பக்கம் கரகரவென்று சத்தம், அப்புறம் வெறும் சூடான காற்று. கம்ப்ரசர், அதாவது ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம், போய்விட்டது.

தக்கலையில் மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, உள்ளிருந்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டினார். கருப்பாக இருந்தது, நடுநடுவே வெள்ளித் தூள் மாதிரி மின்னியது. "உள்ள தேஞ்ச பொடி தம்பி. இது லைன்ல கிடந்தா புதுசையும் தின்னுரும்" என்றார்.

இதுதான் முக்கியம். குழாய்களை ஃப்ளஷ் செய்தோம். கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரின் நுண்ணிய வழிகளில் சிக்கிய பொடி கழுவினாலும் முழுசாகப் போகாது, அதனால் அதையும் மாற்றினோம். உப்புக் காற்றில் அதன் தகடுகள் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தன. ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸ் குளிர்வதற்காக அதன் அழுத்தத்தைக் குறைப்பது), ஓ-ரிங் (இணைப்புகளில் போடும் ரப்பர் வளையம்) எல்லாம் புதுசு. செலவு கூடியது, ஆனால் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

கேஸ் ஏற்றும் முன் 45 நிமிடம் வேக்கம் போட்டு, அதாவது லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அசையவில்லை. சரி, லீக் இல்லை. பிறகு ஆர்134ஏ என்ற ஏசி கேஸை எடை பார்த்து ஏற்றினார்.

மத்தியான வெயிலில் ஆரல்வாய்மொழி வரை ஓட்டினேன். வென்ட்டில் செருகிய தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது.