குடும்பத்தோடு முதல் முறை தீம் பார்க் போகிறீர்களா? பை காக்க ஆள் வைக்காமல் ஒரு நாள்

முதல் முறை நாங்கள் தீம் பார்க் போனபோது ஐந்து டிக்கெட் வாங்கினோம். நாலு பேர் ஆடினோம். அம்மா மட்டும் ஒரு மரத்தடியில் எங்கள் செருப்பு, பை, செல்போன் எல்லாவற்றையும் காத்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது வேனில் "நல்லா இருந்துச்சாப்பா?" என்று எங்களைக் கேட்டதும் அவர்தான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இப்படி ஒரு அம்மாவையோ பாட்டியையோ பார்க்கிறேன். முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பைக்குக் காவல் இருக்கிறார்கள்.

இந்தப் பதிவு முதல் முறை போகிறவர்களுக்கு. வாங்கிய டிக்கெட் ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு ஒரு நாளாக மாற வேண்டும் என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லாவை எடுத்துக்கொள்கிறேன். மற்ற பூங்காக்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில்: பூங்கா எதை விற்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

நம் பக்கத்துப் பெரிய பூங்காக்களைத் தொடங்கியவர்களைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பூங்கா கட்டிய வி.ஜி.பி. குடும்பம் தவணை முறையில் வீட்டுப் பொருள் விற்றவர்கள். தாம்பரம் பக்கம் 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன் சினிமா தயாரிப்பாளர். 2000இல் கொச்சியில் வீகாலேண்டைத் திறந்த கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, வி-கார்டு ஸ்டெபிலைசர் செய்து விற்றவர். அந்த வீகாலேண்டுதான் பிறகு வொண்டர்லா ஆனது. மூவருமே கூட்டத்தின் மனசு தெரிந்த வியாபாரிகள். ஆனால் பூங்கா வியாபாரம் கடை மாதிரி இல்லை. கடையில் இன்று விற்காத மிக்சியை நாளை விற்கலாம். பூங்காவில் காலியாகச் சுற்றிய ராட்டினத்து இருக்கை போனது போனதுதான்.

செலவைப் பாருங்கள். சென்னைப் பூங்காவுக்குப் போட்ட முதலீடு 611 கோடி ரூபாய். 500 பேர் வந்தாலும் 5,000 பேர் வந்தாலும் ரைடு இயக்குகிறவர், உயிர்காப்பாளர், தண்ணீர் வடிகட்டும் மோட்டார், மின்சாரம் எல்லாம் ஓடியே ஆக வேண்டும். அதனால் கூட்டம் இல்லாத நாளில் ஆள் சேர்க்கப் பூங்காவே விலையைக் குறைக்கும். கூட்டம் வரும் நாளில் கூட்டும். உள்ளே வந்தபின் சாப்பாடு, உடை, லாக்கர், போட்டோ என்று இன்னொரு வருமானம் இருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, அது தொழில். நாம் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சென்னை வொண்டர்லாவில் 43 ரைடுகள். ஒரு நாளைக்கு 6,500 பேர் வரை வரலாம். ஒரு ரைடு மணிக்குச் சராசரியாக 300 பேரை ஏற்றி இறக்குகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 43 ரைடும் சேர்ந்து மணிக்கு 12,900 இடம். 6,500 பேர் உள்ளே இருந்தால் ஆளுக்கு மணிக்கு இரண்டு ரைடு. 2,000 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஆறு. நடந்து போகிற நேரத்தில் ஒன்றிரண்டு குறையும், அப்படியே இருந்தாலும் வித்தியாசம் எவ்வளவு பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் விலை கொடுத்து, செவ்வாய்க்கிழமை கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறோம்.

சரி, எந்த நாள் போவது? தீபாவளி, பொங்கல், ஏப்ரல் - மே விடுமுறை, தொடர் விடுப்பு இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வார நாள் என்றால் மட்டும் போதாது. பள்ளிச் சுற்றுலா சீசனில் வார நாளிலும் வரிசையாகப் பேருந்துகள் நிற்கும். என் அனுபவத்தில் பிப்ரவரி நடுவிலிருந்து வார நாட்கள் நன்றாக இருக்கும். பொதுத்தேர்வு நெருங்குவதால் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வார நாட்களும் பரவாயில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒரு நாள்தானே, போடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அந்த மாதங்களில் போவதானால், மழையால் ரைடு நின்றால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று டிக்கெட் வாங்கும் முன்பே கேளுங்கள்.

படி 2: பிள்ளைகளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பதைப் பல பூங்காக்களில் வயதை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்தை வைத்துத்தான். ரைடில் ஏற விடுவதும் உயரத்தை வைத்துத்தான். வேகமான ரைடுகளுக்கு 120 செ.மீ., 140 செ.மீ. என்று கோடு போட்டிருப்பார்கள். தோளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பி ஒரு அளவு உடம்புக்காகச் செய்தது. சின்ன உடம்பு அதற்குள் நழுவும். அங்கே கெஞ்சிப் பயன் இல்லை, கெஞ்சவும் கூடாது.

என் அக்கா மகன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, படி ஏறி மேலே போனபிறகு, இரண்டு விரற்கடை உயரம் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டான். அழுத அழுகை அன்று முழுக்க ஓயவில்லை. தப்பு எங்களுடையது. அதனால் முந்தின வாரமே சுவரோடு நிறுத்தி, செருப்பில்லாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயர வரம்பு இருக்கும். "இதெல்லாம் இந்த வருஷம், இது அடுத்த வருஷம்" என்று பிள்ளையிடம் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். கர்ப்பிணிகள், இதய நோய், ரத்த அழுத்தம், முதுகு வலி உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் வேகமான ரைடுகளில் ஏறக் கூடாது. அவர்கள் ஏறக்கூடியவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். மெதுவாக மிதக்கும் ஆறு, செயற்கை அலை வரும் குளமான வேவ் பூலின் ஆழமில்லாத ஓரம், உயரத்தில் நிதானமாகப் போகும் ரயில், ஜெயன்ட் வீல் எல்லாம் வரும். பாட்டிக்கு நாலு பெயராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பூங்கா உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது இல்லை, வேறு பாருங்கள்.

படி 3: டிக்கெட்டும் பட்ஜெட்டும்

ஆன்லைனில் முன்கூட்டியே வாங்குங்கள். முதியோர், மாணவர், குழு, பிறந்தநாள் என்று தள்ளுபடி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். அதையும் சேர்த்தால் ஐந்து பேருக்குத் தொகை கனமாகத்தான் வரும்.

டிக்கெட் தொகையில் பாதியைத் தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். சாப்பாடு, லாக்கர், வண்டி, ஐஸ்கிரீம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டும் விற்பார்கள். படி 1இல் சொன்ன மாதிரி நாளைத் தேர்ந்தெடுத்தால் அது தேவையே இல்லை.

படி 4: உடை, பை, லாக்கர்

தண்ணீரில் இறங்க நைலான் அல்லது பாலியஸ்டர் உடைதான் அனுமதி. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், அதன் நூலும் பஞ்சும் வடிகட்டியில் போய் அடைக்கும். புடவை, ஜீன்ஸ், துப்பட்டா கூடாது. வாசலில் விற்கும் உடை விலை கூடுதல். உங்கள் ஊர் கடைத்தெருவிலேயே வாங்கிவிடுங்கள்.

முக்கியமாக, வீட்டுப் பெண்களைக் கேட்டு வாங்குங்கள். பல அம்மாக்கள் தண்ணீரில் இறங்காததற்குக் காரணம் பயம் இல்லை. அந்த உடை உடம்போடு ஒட்டும், நாலு பேர் பார்ப்பார்கள் என்கிற கூச்சம். முழுக்கை, முழங்கால் தாண்டும் நீளம், அடர்ந்த நிறம், உள்ளே லெக்கின்ஸ் சேர்ந்த நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் லாக்கர். இதை எடுக்காமல் இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. லாக்கர் வாடகையை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு ஆளுடைய முழு டிக்கெட்டை வீணாக்குகிறோம். உள்ளே போனதும் முதல் வேலை இதுதான். நகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு செல்போனுக்குத் தண்ணீர் புகாத உறை வாங்குங்கள், மற்றவை லாக்கரில்.

படி 5: சாப்பாடு

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் தடை இருக்காது. காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத் தலைகீழாகச் சுற்றினால் வயிறு என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணிக்கு எல்லோரும் உணவகத்தில் நிற்பார்கள்; நீங்கள் பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை வண்டியில் வைத்து, மாலையில் வெளியே வந்ததும் பிரியுங்கள். அப்போது அதற்கு இருக்கும் ருசியே வேறு.

பூங்கா திறப்பதற்குள் நேரம் இருந்தால் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். பெரியவர்களுக்கு நாள் அங்கேயே தொடங்கிவிடும்.

படி 6: வரிசையை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் பெரிய ரைடில்தான் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் நேராகப் பூங்காவின் கடைசிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். முதல் இரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாத ரைடுகள் மட்டும். ஈர உடையோடு அவற்றில் ஏற விடமாட்டார்கள்.

ஒரு வரிசையில் நிற்கலாமா வேண்டாமா என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு தடவை கிளம்பி அடுத்தது கிளம்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். 24 பேர், மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 480 பேர். உங்களுக்கு முன்னால் 120 தலை இருந்தால் கால் மணி நேரம், நிற்கலாம். 16 பேர், நாலு நிமிடம் என்றால் மணிக்கு 240தான். அதே 120 பேருக்கு அரை மணி நேரம் ஆகும். வரிசையின் நீளம் ஏமாற்றும். வேகமாக நகரும் நீள வரிசை, நகராத குட்டை வரிசையைவிட நல்லது. பத்து வயசுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கை ஒப்படைத்துப் பாருங்கள், நாள் முழுக்க உற்சாகமாகப் போடும்.

சென்னைப் பூங்காவில் எல்லோரும் தேடுவது தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மாபில்லார்டு நிறுவனம் செய்தது. பெட்டி தண்டவாளத்துக்கு அடியில் தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். பயமில்லாதவர்கள் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

படி 7: தண்ணீர்

வெயில் உச்சிக்கு வந்ததும் தண்ணீருக்குப் போங்கள். வேவ் பூலின் ஆழமான பக்கச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். பல பூங்காக்களில் அவற்றுக்குள் விசிறிகள் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுகின்றன, அதுதான் அலையாக வருகிறது. சைரன் அடித்தால் அலை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரம் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டடி தள்ளிக்கூட வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கிறார்தான், ஆனால் அவர் நூறு தலையைப் பார்க்கிறார். பெரியவர்களைக் கரையோரம் உட்கார வைத்தாலே போதும். அலை அவர்களைத் தேடி வரும்.

படி 8: ஏறும் முன் இரண்டு நிமிடம்

கம்பி பூட்டிய 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும். நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஊழியர் பார்க்காமல் நகர்ந்தால் கை தூக்கிக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தயக் காரில் மிகுந்த கவனம் வேண்டும். நீண்ட கூந்தலோ துப்பட்டாவோ சுழலும் பாகத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கொண்டை போட்டு, ஹெல்மெட்டுக்குள் தள்ளி, துப்பட்டாவைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

படி 9: கடைசி ஒரு மணி நேரம்

மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உடை மாற்றிவிடுங்கள், பிறகு உடை மாற்றும் அறையில் கூட்டம் நெரியும். மிச்ச நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஏறக்கூடிய ஒன்றில் ஏறுங்கள். நாங்கள் ஜெயன்ட் வீலை இதற்காகவே வைத்திருப்போம். போன தடவை அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தலை ஈரம் காயாமல், கீழே வேவ் பூலைக் காட்டி, "அங்கதான் அந்தப் பெரிய அலை என்னைப் புரட்டிப் போட்டுச்சு" என்று எங்களுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். மடியில் பை எதுவும் இல்லை.

இறங்கியதும் லாக்கர் சாவியைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.