மாசமா இருக்கும்போது மூலிகை மாத்திரை, சூரணம்: நாம பண்ற தப்புகள்

எங்க அண்ணிக்கு ஏழாவது வாரம், ராத்திரி தூக்கமே வரலன்னு தினமும் பால்ல ஒரு ஸ்பூன் அமுக்கரா சூரணம் கலந்து குடிச்சிட்டு இருந்தாங்க, ஸ்கேனுக்குப் போனப்ப டாக்டர் "வேற ஏதாச்சும் மருந்து எடுக்குறீங்களா"ன்னு கேட்டதுக்கு "இல்ல மேடம்"னுட்டாங்க. பொய்யில்ல, அவங்க கணக்குல அது மருந்தே கிடையாது. அதான் முதல் தப்பு. அமுக்கராதான் அஸ்வகந்தா, கருவைக் கலைக்கலாம், ஹார்மோனைக் கெடுக்கலாம்னு சந்தேகப்பட்டு 2023ல டென்மார்க்ல அதைத் தடையே பண்ணிட்டாங்க.

அடுத்து, குழம்புல போடுறதும் கேப்சூலும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. குழம்பு மஞ்சளால ஒண்ணும் ஆகாது, ஆனா மஞ்சள் கேப்சூல்ல சத்தை மட்டும் பிரிச்சு எடுத்து, உடம்புல நல்லா ஏறணும்னு மிளகுச் சத்தும் சேர்த்து அடைச்சிருப்பாங்க, அது வேற டோஸ்.

அதிமதுரம் விஷயம் எனக்கே புதுசு. அம்மாவோட கார்டிசால், அதாவது டென்ஷன் ஹார்மோன், மொத்தமா குழந்தைக்குப் போயிடாம நஞ்சுக்கொடில ஒரு என்சைம் தடுக்குது, அதிமதுரத்துல இருக்குற கிளிசிரைசின் அந்த என்சைமையே அமுக்கிடுது. பின்லாந்துல அதிமதுர மிட்டாய் ரொம்ப ஃபேமஸ், அங்க ஹெல்சிங்கில 1998ல பொறந்த பிள்ளைங்கள 12 வயசு வாக்குல டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல கிளிசிரைசின் சாப்பிட்ட அம்மாக்களோட பிள்ளைங்க ஞாபக சக்தில, யோசிக்கிறதுல கொஞ்சம் பின்தங்கி இருந்தாங்க. இருமலுக்கு என்னைக்கோ ஒரு துண்டு வாயில போட்டதுக்கு பயந்து சாக வேணாம், தினசரி கஷாயம்தான் வேணாம்.

லேபிள் இல்லாத பொட்டலம், ஊர்லேர்ந்து வந்த உருண்டை, இதெல்லாம் வாங்கவே வாங்காதீங்க. நியூயார்க்ல 2011-12ல ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்துல ஈயம் ஏறியிருந்துச்சு, எங்கேர்ந்துன்னு தேடுனா இந்தியாவுலேர்ந்து வந்த ஆயுர்வேத மருந்து. ஈயம் நஞ்சுக்கொடியத் தாண்டி நேரா குழந்தையோட மூளைக்குப் போகும், நாக்குல வச்சுப் பார்த்தாலும் தெரியாது.

"கன்ஃபர்ம் ஆனதும் நிறுத்திக்கலாம்"ங்கறதும் தப்புதான், ஏன்னா கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிடும், அப்ப பீரியட் தள்ளிப்போயி ரெண்டு வாரம்தான் ஆகியிருக்கும், சில பேருக்கு டெஸ்ட் பண்ணவே தோணாது. அதனால பிளான் பண்ணும்போதே நிறுத்துங்க. அந்தக் குழாய்க்கு வேண்டியது ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம், முருங்கைப் பொடி சாப்பிடுறேன்னு அந்த மாத்திரைய விட்டுடாதீங்க.

குங்குமப்பூ? கலரு ஜீன்ல வர்றது, காசு உங்களுது. வாந்திக்கு இஞ்சி டீ ஓகே.

அண்ணி அடுத்த விசிட்டுக்கு டப்பாவையே கைல எடுத்துட்டுப் போய் காட்டுனாங்க, நிறுத்தியாச்சு. அம்மாதான் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தாங்க, சூரணம் வாங்கிட்டு வந்தது அவங்க.