பக்கல்யாவ் முதல் கைப்பிரீன்யா வரை: அடுப்பு மூட்டும் முன்பே நடக்கும் தவறுகள்

போர்த்துகீசியச் சமையலும் பிரேசில் சமையலும் பார்க்க எளியவை. மசாலா குறைவு, செய்முறை சின்னது. ஆனால் பெரும்பாலான பிழைகள் ஊறவைப்பதிலும் மாவு பிசைவதிலுமே நடந்துவிடுகின்றன. அதன்பின் அடுப்பில் என்ன செய்தாலும் சரியாகாது.

பக்கல்யாவ் என்பது காட் மீனைப் பிளந்து, உப்பிலிட்டு உலர்த்தியது. போர்த்துகலில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸோடு இதை அவித்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். நம்மவர்கள் இதைக் கருவாடு என்று நினைத்துக் கையாளுவதுதான் முதல் தவறு. கருவாட்டை வெந்நீரில் சற்று நேரம் போட்டு அலசினால் போதும். மிச்சம் இருக்கும் உப்பைக் குழம்பின் புளி தாங்கிக்கொள்ளும். பக்கல்யாவின் நடுத்துண்டு தடிமனானது. வெந்நீர் பட்டால் மேல்சதை வெந்து இறுகிவிடும், உள்ளே உப்பு அப்படியே நிற்கும். இதில் புளியும் இல்லை, காரமும் இல்லை. எனவே அந்த உப்பு நேராக நாக்கில் ஏறும்.

மேலே ஒட்டியிருக்கும் உப்பைக் குழாய் நீரில் கழுவுங்கள். பெரிய பாத்திரத்தில் மீன் நன்றாக மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் விட்டு, தோல் மேலே இருக்கும்படி வையுங்கள். கரையும் உப்பு அடியில் தேங்கும். தோல் கீழே இருந்தால் உப்பு இறங்க அதுவே தடையாகிவிடும். அடியில் ஒரு சல்லடைத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மீனை வைத்தால் இன்னும் நல்லது. தடித்த துண்டுக்கு 48 மணி நேரம், மெல்லிய துண்டுக்கு 24. உதிர்த்து விற்பது என்றால் அரை நாளே அதிகம். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். இவ்வளவும் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். உப்பு இறங்க இறங்க அது மறுபடி பச்சை மீனாகிறது, சமையலறை வெக்கையில் கெட்டுப்போகும். நேரக்கணக்கை மட்டும் நம்பாமல், தடித்த இடத்தின் நடுவிலிருந்து ஒரு நார் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு இருப்பது தெரிய வேண்டும், கரிக்கக் கூடாது. அளவுக்கு மீறி ஊறினால் சப்பென்று போய்விடும்.

அவிக்கும்போது தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், மீன் நார் நாராகி ரப்பர் போலாகும். நீர் மெல்ல அசைந்தால் போதும். உப்பு சேர்ப்பதானால் கடைசியில், ருசி பார்த்த பிறகு. மீனை உதிர்த்து, வெங்காயம், பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகளோடு முட்டை ஊற்றிப் புரட்டும் ‘பக்கல்யாவ் ஆ பிராஸ்’ செய்பவர்கள், முட்டை பாதி இறுகும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டியின் சூடே மீதியை முடித்துவிடும். முட்டைப் பொரியலாக உதிர்ந்துவிட்டால் அது ஆ பிராஸ் ஆகாது.

அடுத்தது பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துச் சீஸ் ரொட்டி, பாவ் ஜி கேஜு. இதில் தவறெல்லாம் மாவில். தேவைப்படுவது மரவள்ளிக் கிழங்கின் ஸ்டார்ச், கிழங்கை உலர்த்தி அரைத்த மாவு அல்ல. அதில் நார் இருப்பதால் ரொட்டி கல்லாகும். ஜவ்வரிசியை மிக்ஸியில் அடித்துப் போடுவதும் சரிவராது. அது ஏற்கெனவே சூட்டில் பாதி வெந்தது, பால் ஊற்றியதும் கட்டி கட்டியாகும். பிரேசிலில் ஸ்டார்ச் இரண்டு வகை. புளிக்கவைத்து வெயிலில் காயவைத்தது ‘பொல்வில்யு அசேடு’, புளிக்காதது ‘டோசி’. முன்னது நன்றாக உப்பி உள்ளே கூடுவிடும், பின்னது இழுவையாக இருக்கும். நம்மூர்க் கடை ஸ்டார்ச் இரண்டாவது வகை. அதில் செய்யலாம், ஆனால் அந்த உப்பலை எதிர்பார்க்கக் கூடாது.

500 கிராம் ஸ்டார்ச்சுக்கு 250 மி.லி. பால், 125 மி.லி. எண்ணெய், 10 கிராம் உப்பு. மூன்றையும் சேர்த்துப் பொங்கும் வரை கொதிக்க வைத்து, உடனே ஸ்டார்ச்சில் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் ஸ்டார்ச் வேகாது, பிடிப்பும் வராது, உருண்டை தட்டில் பரந்துவிடும். இதற்கு நேர் எதிரான தவறு, அந்தச் சூட்டிலேயே முட்டையை உடைத்து ஊற்றுவது. விரல் வைத்தால் பொறுக்கும் அளவு ஆறியபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். முட்டையின் அளவு வேறுபடும் என்பதால் மூன்றாவதைக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மாவு கையில் லேசாக ஒட்டும்போது நிறுத்திவிடுங்கள். சீஸ் 200 முதல் 250 கிராம். மினாஸில் போடுவது முதிர்ந்த, உலர்ந்த சீஸ். ஈரம் மிகுந்த மொசரெல்லா மட்டும் போட்டால் ரொட்டி அமுங்கும், பார்மேசான் கலந்தால் ருசி நெருங்கி வரும். 25 கிராம் உருண்டைகளை, முன்பே 190 டிகிரிக்குச் சூடாக்கிய அவனில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். முதல் 15 நிமிடம் கதவைத் திறந்தால் உப்பியது சரிந்துவிடும். மிச்சம் வைப்பதானால் சுடாத உருண்டையாக உறையவைத்து, உருகவிடாமல் அப்படியே அவனில் வையுங்கள். சுட்ட ரொட்டி ஆறினால் விறைத்துப்போகும்.

பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் ஃபெய்ஜுவாடாவுக்குப் பிரேசிலில் பெரும்பாலும் கறுப்பு பீன்ஸ், போர்த்துகலில் வெள்ளை அல்லது சிவப்பு. உப்பிட்ட இறைச்சியைப் பீன்ஸோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள், பீன்ஸ் ஊறிய நீர் முழுக்க உப்பாகிவிடும். இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், ஒரு நாள், பலமுறை நீர் மாற்றம். கடினமான துண்டுகளை முதலில் வேகவைத்து, சாசேஜைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

கடைசியாகப் பிரேசிலின் மதுக்கலவை. கைப்பிரீன்யா என்றால் கஷாசா, எலுமிச்சை, சர்க்கரை, பனிக்கட்டி. கஷாசா கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ரம் வெல்லப்பாகிலிருந்து வருவது, ஆகையால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. எலுமிச்சையின் நடுவிலுள்ள வெள்ளை நரம்பை வெட்டி எடுத்துவிடுங்கள், கசப்பில் பாதி அதில்தான். சர்க்கரையோடு மத்தால் நான்கைந்து முறை மெதுவாக அழுத்தினால் போதும், நசுக்கி அரைத்தால் தோலின் கசப்பும் இறங்கும். ஒவ்வொரு கோப்பையையும் குடிக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். ஜாடி நிறையச் செய்து வைத்தால் தோல் ஊறி, ஒரு மணி நேரத்தில் கசந்துவிடும்.