வீட்டுக்குள் சிக்னலே இல்லையா? நம்பரை விடாமல் போஸ்ட்பெய்டிலிருந்து வெளியேறுவது எப்படி

மாதம் தவறாமல் போஸ்ட்பெய்டு பில் கட்டிவிட்டு, போன் அடித்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். பேச்சு பாதியில் அறுந்துபோவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் வங்கி ஓடிபி நேரம் கடந்து வருவதும், சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று நம்பர் கேட்கும்போது மெசேஜ் வராமல் இருப்பதும், தனியாக இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று குரல் வருவதும் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்களே கிடையாது. 2011 ஜனவரி முதல் இந்தியா முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி இருக்கிறது. 2015 ஜூலையிலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அதே நம்பரோடு கம்பெனியை மாற்றலாம். அதை எப்படிச் செய்வது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கோபத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "கனெக்‌ஷனை கட் பண்ணுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் நம்பரே போய்விடும், பிறகு அது வேறு யாருக்காவது போய்ச் சேரும். வங்கி, ஆதார், பிஎஃப் எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது போர்ட், அதாவது நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவது.

சிக்னலை அளந்து பாருங்கள்

போனின் மேலே தெரிகிற கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று பாருங்கள் (சில மாடல்களில் இன்னும் ஒரு அடுக்கு உள்ளே இருக்கும்), சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக இருக்கும். ஐபோன் என்றால் டயல் செய்யும் இடத்தில் *3001#12345#* அடித்து அழைப்பு பட்டனை அழுத்தினால் திறக்கும். 4ஜியில் -85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல், -100 என்றால் சமாளிக்கலாம், -110ஐத் தாண்டினால் குரல் விட்டு விட்டுக் கேட்கும், -120ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து சமையலறைக்கும் மெதுவாக நடந்து பாருங்கள். தெருவில் -92 காட்டுவது, கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்ததும் -112க்கு இறங்கலாம். அலைவரிசை உயர உயர சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் திறன் குறையும். 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் 5ஜிக்கு இந்தச் சிக்கல் ரொம்பவே அதிகம். அதனால் நெட்வொர்க் அமைப்பில் 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் ஒருநாள் வைத்துப் பாருங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கையும் போட்டுப் பாருங்கள், அழைப்பு வைஃபை வழியாகவே போகும். இந்த இரண்டில் பிரச்சினை தீர்ந்துவிட்டால் கம்பெனியை மாற்றும் அலைச்சலே வேண்டாம்.

தீரவில்லையா? நேரம், அறை, எண் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

198க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்

எப்படியும் போகத்தானே போகிறோம், புகார் எதற்கு என்று தோன்றும். பின்னால் பில்லில் தகராறு வந்தால் இந்தப் பதிவுதான் உங்கள் கையில் இருக்கும். அந்த கம்பெனியின் சிம்மிலிருந்தே 198ஐ அழையுங்கள், இலவசம். போனை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றி மாட்டுங்கள் என்பார்கள். செய்துவிட்டு, "வீட்டுக்குள் -112, வாசலில் -92, இதே நிலைதான்" என்று எண்ணோடு சொல்லுங்கள். டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழிகாட்டல் வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போகிற இடத்தைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை, பெரும்பாலானோர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒருமுறை போர்ட் செய்துவிட்டால் அடுத்த 90 நாளுக்கு மறுபடி போர்ட் செய்ய முடியாது. போன இடத்திலும் சிக்னல் இல்லையென்றால் மூன்று மாதம் மாட்டிக்கொள்வீர்கள். கம்பெனிகள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி, அதைப் பாருங்கள், ஆனால் வரைபடம் தெருவைத்தான் காட்டும், உங்கள் படுக்கையறையைக் காட்டாது. பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொந்தக்காரரிடமோ அந்த கம்பெனி சிம் உள்ள போனை ஒரு சாயங்காலம் வாங்கி, நீங்கள் முன்பு நடந்த அதே வழியில் நடந்து எண்ணைக் குறியுங்கள். சாயங்காலம் என்று சொல்வதற்குக் காரணம், எல்லோரும் வீடு திரும்பி வீடியோ பார்க்க ஆரம்பிக்கும் நேரம் அதுதான், நெரிசலில் எப்படி ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாக்கி, ஒப்பந்தம்

சாதாரண போஸ்ட்பெய்டில் பெரும்பாலும் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டு இருக்காது. போனோடு சேர்த்து வாங்கியது, ஃபேன்ஸி நம்பர் போன்றவற்றில் இருக்கலாம், சேர்ந்தபோது கொடுத்த தாளைப் பாருங்கள். வெளியேறும் நிபந்தனையோடு ஒப்பந்தம் இருந்து அதை நிறைவேற்றாவிட்டால், போர்ட் செய்யத் தேவையான போர்ட் கோட் வராது. கடைசியாக வந்த பில்லில் பாக்கி இருந்தாலும் வராது, அதனால் முதலில் கட்டிவிடுங்கள். ஃபேமிலி பிளானில் துணை நம்பராக இருந்தால் முதலில் அதிலிருந்து தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. ஆபீஸ் பெயரில் உள்ள நம்பர் என்றால் ஆபீஸின் அனுமதிக் கடிதம் வேண்டும். ஏழு நாளுக்குள் சிம் மாற்றியிருந்தாலும் கோட் கிடைக்காது, 2024 ஜூலையில் வந்த விதி இது, மோசடியைத் தடுக்க.

போர்ட்

ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்து கொண்ட ஒரு கோட் வரும். வராவிட்டால் ஏன் தரவில்லை என்ற காரணம் வரும், அதைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். இந்தக் கோட் தமிழ்நாட்டில் நான்கு நாள்தான் செல்லும், ஆகவே கடைக்குப் போக நேரம் இருக்கிற நாளில் அனுப்புங்கள். இந்தக் கோட் என்ன என்று யாரிடமும் போனில் சொல்ல வேண்டாம், புது கம்பெனியின் கடையில் ஆதாரோடு போய் நேரில் கொடுங்கள்.

இதற்கிடையில் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வரும், பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். விலை குறைந்தால் சமையலறையில் சிக்னல் வந்துவிடுமா என்று மட்டும் கேளுங்கள். நீங்களே மனம் மாறினால், விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900க்குக் கேன்சல் என்று ஆங்கிலத்தில் அடித்து நம்பரோடு அனுப்பலாம். இல்லையென்றால் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மூன்று வேலை நாளில், வேறு வட்டத்துக்கோ ஆபீஸ் கனெக்‌ஷனுக்கோ ஐந்து வேலை நாளில் மாறிவிடும். மாறுகிற நேரத்தில் கொஞ்ச நேரம் போன் செத்துக் கிடக்கும். பழைய சிம்மில் சேவை நின்றதும் புது சிம்மைப் போடுங்கள். அவசரப் பணப் பரிமாற்றம் எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாறிய பிறகு

கடைசி பில் ஒன்று கட்டாயம் வரும், பில் தேதிக்கும் நீங்கள் மாறிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு. அப்பாடா, போய்த் தொலைந்தது என்று அதை விட்டுவிட்டால், பழைய கம்பெனி புகார் கொடுத்து, புது கம்பெனியே உங்கள் நம்பரை நிறுத்திவிட முடியும். கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்டிலோ யுபிஐயிலோ போட்டு வைத்த ஆட்டோபேயை நீங்களே ரத்து செய்யுங்கள், தானாக நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். சேரும்போது டெபாசிட் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், அதில் பழைய டாக்கெட் நம்பரையும் மாறிய தேதியையும் குறிப்பிடுங்கள்.