பழைய கார் ஆயில் லைன் ஃபிட்டிங்: கழற்றும்போதும் மாட்டும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

பழைய கார்களில் ஆயில் லைன் ஃபிட்டிங் (எஞ்சின் ஆயில் போகும் பைப்பின் இணைப்பு) பெரும்பாலும் கை நுழையாத இடத்தில்தான் இருக்கும். டைனமோவுக்குப் பின்னால் இருக்கும், இல்லையென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே. பல வருடச் சூட்டில் இறுகிப்போன நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் நட்டு மட்டும் போகாது, எஞ்சின் பிளாக்கின் மரையும் சேர்ந்து போகும். நட்டு புதிதாகக் கிடைக்கும், அந்தப் பிளாக் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது: அந்த இணைப்பில் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது எது என்று பார்க்காமல் விடுவது. பான்ஜோ போல்ட் (ஆயில் தன் உள்ளேயே ஓடும் துளையுள்ள போல்ட்) என்றால் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள்தான் தடுக்கின்றன. யூனியன் நட்டு (பைப்பின் முனையை அடாப்டரோடு சேர்த்து இறுக்கும் நட்டு) என்றால் உள்ளே இருக்கும் கூம்பு முகம் தடுக்கிறது. டேப்பர் மரை (நுனி நோக்கிக் குறுகும் மரை) என்றால் மரையே தடுக்கிறது. இது தெரியாததால்தான் எல்லா மரையிலும் டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள். வாஷரோ கூம்போ சீல் செய்யும் இடத்தில் டேப்பால் ஒரு பயனும் இல்லை. அதன் நூல் பிய்ந்து ஆயில் வழிக்குள் போனால், சிறிய துவாரம் ஒன்றை அடைத்துவிடும். ஆயில் பிரஷர் லைட்டின் ஸ்விட்ச் எர்த் எடுப்பதே அதன் மரை வழியாகத்தான். அங்கே டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் லைட் எரியாமலே போகலாம்.

அடுத்த தவறு ஸ்பேனரில். அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், ஆனால் இறுகிய நட்டில் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். அங்குல நட்டுக்கு அங்குல ஸ்பேனர்தான். பைப் நடுவே போகும் நட்டுக்கு, வாய் வெட்டிய ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். பழைய பைப்பை எப்படியும் தூக்கிப்போடப் போகிறீர்களா? நட்டை ஒட்டிப் பைப்பை அறுத்துவிடுங்கள். ஆறுமுக சாக்கெட் முழுதாக உட்காரும், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

யூனியனை ஒரே ஸ்பேனரால் திருகவே கூடாது. பிளாக்கில் திருகியிருக்கும் அடாப்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இன்னொன்றால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும், அல்லது அடாப்டர் பிளாக்கிலிருந்து கழன்று வரும். இறுகியிருந்தால் முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அலுமினிய ஹவுசிங்கில் எஃகு ஃபிட்டிங் என்றால் ஹவுசிங்கைச் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். ஃப்யூயல் பம்ப் பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம், ஹீட் கன் போதும்.

ஃபிட்டிங் கழன்றதும், அது உட்கார்ந்திருந்த முகத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய செம்பு வாஷர் சில சமயம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கறுத்த ஆயில் பூசி பிளாக்கின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நகம் ஒரு சின்னப் படியில் தட்டும். அதன் மேலேயே புது வாஷரை வைத்து இறுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால், உள்ளே குழாய்போல் துளையுள்ள பான்ஜோ போல்ட் முறிந்துவிடும். வாஷரைப் புதிதாகப் போடுவதே நல்லது. கிடைக்காத அளவு என்றால், பழையதை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி ஆறவிடுங்கள், செம்பு மீண்டும் மிருதுவாகிவிடும். ஆனால் பள்ளம் விழுந்த வாஷரை அதுவும் காப்பாற்றாது.

புது ஃபிட்டிங் வாங்கும்போது ஏமாற்றுவது மரைதான். 1/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) அங்குலத்துக்கு 28 மரை, அதே அளவு என்பிடி (அமெரிக்க பைப் மரை) 27. பிஎஸ்பியின் மரைக் கோணம் 55 பாகை, என்பிடிக்கு 60. இரண்டும் முதல் ஓரிரு சுற்று சுகமாக ஏறி, பிறகு இறுகும். "நன்றாகப் பிடிக்கிறது" என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் பிளாக்கின் மரை நாசம். மரைக்கு மரை 1 மி.மீ. உள்ள 10 மி.மீ. மெட்ரிக் ஃபிட்டிங்கும் இப்படித்தான் ஏமாற்றும், ஏனென்றால் 1/8 பிஎஸ்பியின் வெளிவிட்டம் 9.73 மி.மீ. மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். சரியான மரை கடைசிச் சுற்று வரை விரலாலேயே ஏறும் (டேப்பர் மட்டும் விதிவிலக்கு).

பிரஷர் கேஜுக்குப் போகும் மெல்லிய செம்பு பைப்பை இழுத்துக் கட்டுவதும் தவறு. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. அந்த அதிர்வில் செம்பு கெட்டிப்பட்டு நட்டின் ஓரத்தில் விரிசல் விடும். பிரஷர் ஆயில் சூடான எக்ஸாஸ்டில் பீறிட்டால் தீப்பிடிக்கும். நடுவில் ஒரு சுருள் விடுங்கள், அல்லது கடைசிப் பகுதிக்கு நெகிழ்வான ஹோஸ் போடுங்கள். ஹோஸில் நீளவாட்டில் கோடு இருந்தால், இறுக்கிய பிறகும் அது நேராக இருக்க வேண்டும். வளைந்து சுற்றினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காலி லைனும் ஆயில் கூலரும் நிறையும் வரை பேரிங்குக்கு ஆயில் கிடைக்காது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய வயரை விலக்கிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஐடிலில் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, ஃபிட்டிங்கின் அடியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லையென்றால் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.