மெலிந்த, நோயுற்ற முள்ளெலியைக் கண்டால் என்ன செய்வது? பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஒரு முதலுதவி விளக்கம்

நடுப்பகலில் உங்கள் வீட்டுப் புல்தரையில் ஒரு முள்ளெலி கால் நீட்டிப் படுத்திருந்தால், வெயில் காய்கிறது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அது இரவில் நடமாடும் பிராணி. வெயில் காய்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. உடம்புச் சூடு இறங்கி, எழுந்து போகத் தெம்பில்லாமல்தான் அப்படிக் கிடக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பிழைக்காது.

பிரிட்டனில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்படி ஒன்றை என்றாவது பார்த்திருப்பீர்கள். உதவ எல்லோருக்கும் மனமிருக்கிறது, ஆனால் கை முதலில் போவது பால் கிண்ணத்துக்குத்தான். பால் வேண்டவே வேண்டாம். முள்ளெலிக்கு அது செரிக்காது. ஏற்கெனவே சோர்ந்த உடம்பில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் நிலைமை கெட்டுவிடும். முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகுதான் சாப்பாடு. இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே உதவி தேவையா?

பகலில் தெரிவது, தள்ளாடி நடப்பது, தொட்டாலும் சரியாகச் சுருளாதது, இருமுவது, காயம், சுற்றி ஈ மொய்ப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலே உதவி தேவை. இருமலுக்குப் பெரும்பாலும் நுரையீரல் புழுதான் காரணம். அதற்கு மருந்து உண்டு.

ஒரு விதிவிலக்கு. கோடையில் வயிற்றில் குட்டியோடு இருக்கும் தாய், கூடு கட்ட இலையும் புல்லும் சேகரிக்கப் பகலில் வரும். குட்டி போட்ட தாயும் கொஞ்ச நேரம் வெளியே வந்து போகும். போகிற இடம் தெரிந்ததுபோல விறுவிறுவென்று நடந்தால் அதன் வழியில் விட்டுவிடுங்கள். பிடித்தால் கூட்டிலிருக்கும் குட்டிகள் பட்டினி கிடக்கும். குளிர்காலத்தில் இலைக் குவியலுக்குள் பந்துபோல உறங்குவதையும் எழுப்பக் கூடாது. தெரியாமல் கிளறிவிட்டால் அதே இலைகளால் மூடிவிடுங்கள்.

படி 2: தூக்குவது

தோட்ட வேலைக்கான தடிமனான கையுறை போதும். இல்லாவிட்டால் மடித்த டவல். இரு கைகளையும் அடியில் கொடுத்து அள்ளுங்கள். வெறுங்கை வேண்டாம். முள் குத்துவதோடு படர்தாமரை, சால்மோனெல்லா போன்றவையும் தொற்றும். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அதன் உடம்பில் தெள்ளுப்பூச்சி ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது முள்ளெலிக்கென்றே உள்ள வகை, உங்கள் வீட்டு நாய், பூனையில் தங்கிப் பெருகாது.

படி 3: சூடு

உயரமான அட்டைப்பெட்டி எடுங்கள். முள்ளெலி நன்றாக ஏறும், தாழ்வான பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். அடியில் செய்தித்தாள், அதன்மேல் பழைய டவல். ஹாட் வாட்டர் பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, இன்னொரு டவலால் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். அது இல்லையென்றால் ஜூஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பினாலும் போதும். சூடு அதிகமானால் விலகிப் போக மறுபக்கத்தில் இடம் இருக்கட்டும். மேலே இன்னொரு துணி போட்டால் ஒளிந்துகொள்ளும். அந்த மறைவு அதன் பயத்தைக் குறைக்கும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பாட்டில் ஆறிப்போனால் அது சூடு கொடுப்பதை விட்டு, முள்ளெலியின் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதனால் அடிக்கடி தொட்டுப் பார்த்து நீரை மாற்றுங்கள். பெட்டி வீட்டுக்குள், இருட்டாக, டிவி சத்தமும் குழந்தைகளின் கூட்டமும் இல்லாத அறையில் இருக்கட்டும்.

படி 4: உடனே போன்

தண்ணீர் சுடும் நேரத்திலேயே போன் செய்துவிடுங்கள். உங்கள் பகுதி முள்ளெலிக் காப்பகம் எது என்பதை பிரிட்டிஷ் ஹெட்ஜ்ஹாக் பிரிசர்வேஷன் சொசைட்டியிடம் கேட்கலாம். பக்கிங்ஹாம்ஷயரில் டிகிவிங்கிள்ஸ் என்ற வனவிலங்கு மருத்துவமனையே இருக்கிறது. யாரும் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், கேளுங்கள். காட்டுப் பிராணிக்கு முதலுதவி செய்யப் பெரும்பாலான வெட்கள் கட்டணம் வாங்குவதில்லை. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

படி 5: எடையும் உருவமும்

கிச்சன் ஸ்கேலில் ஒரு கிண்ணத்தை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதில் முள்ளெலியை வையுங்கள். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாதத்தையும் பாருங்கள். ஜூலையில் 250 கிராம் உள்ள குட்டி, இரவில் சுறுசுறுப்பாகத் திரிந்தால் அது இயல்பு. அதே எடை நவம்பரில் என்றால் ஆபத்து. செப்டம்பரில் பிறக்கும் குட்டிகளுக்குக் குளிருக்கு முன் கொழுப்பு சேர்க்க நேரம் போதாது. குளிர்கால உறக்கத்துக்குக் குறைந்தது 450 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சில காப்பகங்கள் 600 கேட்கும். இலையுதிர் காலத்தில் எடை குறைவாக இருந்தும் இரவில் நன்றாக ஓடியாடினால், உடனே பிடித்து அடைக்காமல் எடையைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

உருவத்தை மேலிருந்து பாருங்கள். ஆரோக்கியமான முள்ளெலிக்குப் பின்புறம் உருண்டு அகன்றிருக்கும். மெலிந்ததற்குத் தலைக்குப் பின்னால் பள்ளம் விழுந்து கழுத்து தெரியும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். 700 கிராம் இருந்தும் இப்படித் தெரிந்தால் அதுவும் நோயாளிதான்.

படி 6: ஈ முட்டை

கோடையில் இதைத் தவறாமல் பாருங்கள். கண் ஓரம், காது, தொடை இடுக்கு, காயத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் நொய்யரிசிபோல வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை ஈ முட்டைகள். ஒரே நாளில் புழுவாகி உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கிவிடும். ட்வீஸராலோ பழைய பல் துலக்கும் பிரஷாலோ எடுக்கலாம், ஆனால் குளிப்பாட்டாதீர்கள். ஏராளமாக இருந்தால் எடுத்துக்கொண்டிருக்காமல் நேராக வெட்டிடம் ஓடுங்கள். உண்ணிகளைப் பிடுங்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம்; காப்பகத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

படி 7: தண்ணீர், சாப்பாடு

வயிற்றுப்பக்கம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? அதன் பிறகே சாப்பாடு. குளிர்ந்த உடம்பு உணவைச் செரிக்காது. தாழ்ந்த தட்டில் தண்ணீர் வையுங்கள். சாப்பிடுமளவு தெம்பிருந்தால் இறைச்சி கலந்த பூனை அல்லது நாய் உணவு ஒரு கரண்டி போதும். ரொட்டி கூடாது. கடையில் விற்கும் உலர்ந்த மாவுப்புழுவும் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் மிக அதிகம், தொடர்ந்து தின்றால் எலும்பு பலவீனமாகும். வாயில் சிரிஞ்சு வைத்து எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஒப்படைக்கும்போது

கண்ட இடம், நேரம், எடை, கொடுத்த உணவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு கொடுங்கள். தெருப் பெயர் முக்கியம், ஏனென்றால் குணமானதும் முடிந்தவரை அதே இடத்தில்தான் விடுவார்கள். முள்ளெலி கிடைத்த இடத்தில் இன்னும் குட்டிகள் கத்துகின்றனவா என்றும் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள். 2020இல் வெளியான பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் முள்ளெலி அழிவாய்ப்பு இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குட்டியும் முக்கியம்தான். திரும்பி வரும் முள்ளெலி இரை தேடித் தோட்டம் தோட்டமாக அலைய வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டாரிடம் பேசி, வேலியின் அடியில் 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் அளவில் ஒரு வழி வெட்டி வையுங்கள்.